பில்டர்பெர்க் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா?

கேள்வி: முதுகலை அரசியல் அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். தொழிலதிபர்களும் வங்கியாளர்களும் அரசியல்வாதிகளும் ஆண்டுதோறும் கூடிப் பேசும் பில்டர்பெர்க் மாநாட்டைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கள் துறைப் பேராசிரியர் "அது யூடியூப் சமாச்சாரம், ஆய்வுக்கு உதவாது" என்கிறார். என் தோழிகளோ உலகத்தையே அவர்கள்தான் ஆள்கிறார்கள் என்கிறார்கள். அங்கே உண்மையில் முடிவுகள் எடுக்கப்படுகின்றனவா? மதுரையில் இருந்துகொண்டு இதை ஆய்வு செய்ய முடியுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

செய்யலாம் என்பதே என் பதில். பன்னாட்டு அரசியலைக் கற்பித்தும் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்தும் வருகிறவன் என்ற முறையில், இது கைவிட வேண்டிய தலைப்பு அன்று என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் "உலகை ஆள்வது யார்?" என்ற கேள்வியோடு நீங்கள் இதற்குள் நுழைந்தால், எந்த ஆவணத்தைப் படித்தாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது, ஐந்து ஆண்டுகள் கழித்து உங்கள் பேராசிரியர் சொன்னதே சரி என்று தோன்றிவிடும். அரசுப் பொறுப்பில் இருப்பவர், தனியார் செல்வத்தோடு கொள்ளும் நெருக்கம் எங்கே பதிவாகிறது, பதிவாகாமல் போகும்போது என்ன நேர்கிறது என்று கேட்டால், அதற்கு ஆவணங்கள் விடை சொல்லும்.

முதலில் மாநாட்டின் தோற்றத்தைப் பார்ப்போம். 1954 மே 29 முதல் 31 வரை, நெதர்லாந்தின் ஓஸ்டர்பேக் என்ற ஊரில் உள்ள ஹோட்டல் டெ பில்டர்பெர்க்கில் முதல் கூட்டம் நடந்தது. அதற்கு உழைத்தவர் யூசெஃப் ரெட்டிங்கர் என்ற போலந்துக்காரர். நாடிழந்து லண்டனில் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், ஜெர்மானியர் பிடியிலிருந்த போலந்துக்குள் பாராசூட்டில் குதித்தவர். 1948-இல் தி ஹேக் நகரில் நடந்த ஐரோப்பிய காங்கிரசை முன்னின்று நடத்தியவர். நெதர்லாந்து அரசியின் கணவரான இளவரசர் பெர்ன்ஹார்டைத் தலைவராக்கி, யூனிலீவர் நிறுவனத்தின் தலைவராக இருந்த பால் ரைகன்ஸ், பெல்ஜியத்தின் முன்னாள் பிரதமர் பால் வான் சேலண்ட் ஆகியோரை அவர் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். பிரிட்டனின் தொழிற்கட்சியிலிருந்து ஹியூ கெய்ட்ஸ்கெல்லும் டெனிஸ் ஹீலியும் வந்தனர். அமெரிக்காவில் செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிச வேட்டை உச்சத்தில் இருந்த காலம் அது. அதைக் கண்டு ஐரோப்பாவில் அமெரிக்கா மீது வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வெறுப்பைத் தணித்து, இரு கரைகளிலும் உள்ள செல்வாக்குள்ளவர்களை ஒரே மேசையில் அமர்த்துவதே கூட்டத்தின் நோக்கம். ரெட்டிங்கர் அதற்கு முன் நடத்திவந்த ஐரோப்பிய இயக்கத்துக்கு, சி.ஐ.ஏ. பணம் புழங்கிய ஓர் அமெரிக்கக் குழுவிடமிருந்து நிதி வந்தது வரலாற்று ஆய்வாளர்கள் ஆவணங்களோடு நிறுவியிருக்கும் செய்தி. ஆகவே இந்த மாநாட்டைக் கள்ளங்கபடமற்ற நட்புக் கூட்டம் என்று எழுதுவதும் தவறாகும்.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். அங்கே தீர்மானம் நிறைவேற்றுவதில்லை, வாக்கெடுப்பு இல்லை, கூட்டறிக்கையும் வெளியிடுவதில்லை. கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதை மட்டும் வெளியிடக் கூடாது என்னும் சாத்தம் ஹவுஸ் விதியின்கீழ், ஏறத்தாழ நூற்று முப்பது பேர் சில நாள்கள் பேசிவிட்டுக் கலைகிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐரோப்பியர், எஞ்சியோர் வட அமெரிக்கர். பேச்சாளர் பெயரை மறைக்கும் இந்த விதியை நான் எளிதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதை ஏன் ஏற்கவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன். ஆனால் "அங்கே முடிவானது இங்கே நடந்தது" என்று சொல்பவர்களை முதல் கூட்டத்தின் கதையே மறுத்துவிடுகிறது. ஓஸ்டர்பேக்கில் பேசப்பட்ட முக்கியமான பொருள்களுள் ஒன்று ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகம்; ஆறு நாடுகளின் படைகளை ஒன்றிணைக்க 1952-இல் கையெழுத்தான உடன்படிக்கை அது. அமெரிக்க அரசு அதை விரும்பியது. வந்திருந்தவர்களில் பலரும் விரும்பினார்கள். கூட்டம் முடிந்து மூன்று மாதத்தில், 1954 ஆகஸ்ட் 30 அன்று, பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. அத்துடன் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. விருப்பமும் செல்வமும் தொடர்பும் கொண்டவர்கள் ஒன்றுகூடியும், ஒரு நாட்டு உறுப்பினர்களின் வாக்கைத் தாண்ட இயலவில்லை என்பதை உங்கள் முதல் இயலிலேயே எழுதலாம்.

அதே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இன்னொரு பொருளும் இருந்தது. குடியேற்ற நாடுகளையும் அவற்றின் மக்களையும் எப்படி அணுகுவது என்பது அது. தியன் பியன் ஃபூவில் பிரெஞ்சுப் படை வியட்நாமியரிடம் சரணடைந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் தாமே கூடிப் பேசவிருந்தன. ஆனால் ஓஸ்டர்பேக்கில், யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களில் ஒருவரும் இல்லாமல், மேற்கு ஐரோப்பியரும் அமெரிக்கரும் மட்டும் அமர்ந்து பேசினார்கள். உலகை ஆளும் ரகசிய அரசு என்ற கற்பனையைக் காட்டிலும் இந்த உண்மை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. ஒருவரது வாழ்வைப் பற்றி அவர் இல்லாத அறையில் பேசிப் பழகியவர்கள், பிறகு அமைச்சரவையிலும் வங்கியிலும் அமர்ந்து முடிவெடுக்கும்போது, அந்தப் பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு வருவார்கள் என்று நம்புவதற்கு இடமில்லை. எந்தச் சொல் எந்த முடிவாக மாறியது என்று தேடுவதை விட, இந்தச் சிந்தனைப் பழக்கம் எப்படி உருவானது என்று ஆராய்வது பயன் தரும்.

இந்தத் தலைப்பில் எழுதப்படுபவற்றுள் மிகுதியாக வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பில் கிளிண்டன் ஆர்கன்சா மாநில ஆளுநராக இருந்தபோது 1991-இல் பாடன்-பாடன் கூட்டத்துக்குச் சென்றார், 1993-இல் அமெரிக்க அதிபரானார். டோனி பிளேர் 1993-இல் ஏதென்சுக்கு அருகே நடந்த கூட்டத்துக்குச் சென்றார், 1997-இல் பிரதமரானார். ஆகவே அங்கேதான் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்கிறார்கள். ஆனால் 2004-இல் இத்தாலியின் ஸ்ட்ரேசாவுக்குச் சென்ற ஜான் எட்வர்ட்ஸ் அதே ஆண்டு துணை அதிபர் தேர்தலில் தோற்றார். 2007-இல் இஸ்தான்புல் சென்ற டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி, அதிபர் வேட்பாளராகக்கூட முடியவில்லை. வளரக்கூடியவர்கள் என்று கணித்தவர்களை அழைப்பதே அந்த மாநாட்டின் வழக்கம் என்பதால், அவர்களில் சிலர் வளர்வதில் வியப்பில்லை. அழைக்கப்பட்டவர் அனைவரின் பட்டியலையும் எடுத்து, உயராமல் போனவர்களையும் எண்ணினால்தான் அது ஆய்வாகும். இதைப் போன்றதே வலைப்பின்னல் வரைபடம் போட்டு, நடுவில் இருப்பவரே எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறார் என்று முடிவுகட்டும் முறையும். பன்னாட்டு நிறுவனங்களின் 2007-ஆம் ஆண்டுப் பங்குடைமைத் தரவுகளைக் கொண்டு சூரிக் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மையத்தில் இறுகப் பிணைந்திருந்த 147 நிறுவனங்களின் கூட்டத்தில் லேமன் பிரதர்ஸ் வங்கியும் ஒன்று. 2008 செப்டம்பரில் அது திவாலானது.

இப்போது, நீங்கள் உண்மையில் ஆழ்ந்து படிக்க வேண்டிய வழக்குக்கு வருகிறேன். பில்டர்பெர்க்கின் தலைவரான இளவரசர் பெர்ன்ஹார்டு, அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீடிடமிருந்து 11 லட்சம் டாலர் பெற்றதாகக் குற்றம்சாட்டப்பட்டார். 1960-களின் தொடக்கத்தில், ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தை ஐரோப்பிய நாடுகளுக்கு விற்க அந்நிறுவனம் முயன்றுகொண்டிருந்தபோது, முதலில் அவருக்கு ஒரு சிறிய ஜெட் விமானத்தையே பரிசளிக்க எண்ணி, பிறகு பணமாகக் கொடுத்தது. அந்தப் பணம் சுவிட்சர்லாந்தில் இருந்த இடைத்தரகர்கள் வழியாகச் சென்றது. எல்லாச் சதிக் கதைகளும் தேடும் பொருள் இதுதான்: மாநாட்டின் தலைவர், அரச குடும்பத்தவர், நெதர்லாந்துப் படைகளின் தலைமை ஆய்வாளர், இத்தனை பொறுப்புகளையும் வகித்த ஒருவர் ஆயுத விற்பனையாளரிடம் பணம் வாங்கியது.

ஆனால் அது வெளிவந்த விதத்தைக் கவனியுங்கள். மாநாட்டு அறையின் கதவில் காது வைத்துக் கேட்டு யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. லாக்ஹீட் நிறுவனம் கடனில் மூழ்கி, 1971-இல் அமெரிக்க அரசிடமிருந்து 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் பெற்றது. மக்கள் வரிப்பணம் பிணையாக நின்றதால் அதன் கணக்குகளைக் கேள்வி கேட்கும் உரிமையும் பிறந்தது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கும் அரசியல் அமைப்புகளுக்கும் 2 கோடியே 20 லட்சம் டாலர் அளவுக்குப் பணம் கொடுத்ததை 1975 ஆகஸ்டில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1976 பிப்ரவரியில், செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான துணைக்குழுவின் முன் நிறுவனத்தின் துணைத் தலைவர் கார்ல் கோட்சியன் சாட்சியம் அளித்தார். அந்தச் சாட்சியமும் அதனோடு வெளியான ரசீதுகளும் ஒரே நேரத்தில் மூன்று நாடுகளை உலுக்கின.

ஜப்பானில், ட்ரைஸ்டார் பயணிகள் விமானத்தை ஆல் நிப்பான் ஏர்வேஸ் வாங்குவதற்காக, மாருபெனி என்ற வணிக நிறுவனத்தின் வழியே பிரதமர் தனகா ககுவேய்க்கு 50 கோடி யென் சென்றிருந்தது. மாருபெனி நிர்வாகி கையெழுத்திட்ட ரசீதில் "நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு வேர்க்கடலைக்குப் பத்து லட்சம் யென் என்று கணக்கு. தனகா 1976 ஜூலையில் கைது செய்யப்பட்டு, 1983-இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். மேல்முறையீடு முடிவதற்குள் 1993-இல் இறந்தார். இத்தாலியில் போக்குவரத்து விமானங்களின் விற்பனைக்காகப் பணம் பெற்ற முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மாரியோ தனாசி 1979-இல் தண்டிக்கப்பட்டார். நெதர்லாந்தில், டோனர் என்ற நீதிபதியின் தலைமையில் மூவர் குழு அமைந்தது. இளவரசரின் செல்வாக்கால் விமானக் கொள்முதல் முடிவு மாறியது என்று அந்தக் குழு சொல்லவில்லை. ஆனால் சலுகைகளுக்கு வசப்படக்கூடியவர் என்ற எண்ணம் ஏற்படும் வகையில் அவர் நடந்துகொண்டார் என்று 1976 ஆகஸ்டில் வெளியான அறிக்கை கூறியது. வழக்குத் தொடுக்கப்படவில்லை. அவர் படைப் பொறுப்புகளையும் நிறுவனப் பதவிகளையும் துறந்தார். அந்த ஆண்டின் பில்டர்பெர்க் கூட்டமும் கைவிடப்பட்டது. பணம் பெற்றதை அவர் ஒப்புக்கொண்ட பேட்டி, 2004 டிசம்பரில் அவர் மறைந்த பிறகே வெளியானது.

இந்த வழக்கின் தனிச்சிறப்பு, வலைப்பின்னல் என்பது எதனால் ஆனது என்று அது காட்டுவதுதான். ஓர் ஆயுத நிறுவனம், ஒரு வணிக இடைநிலை நிறுவனம், ஒரு நாணய மாற்று நிறுவனம், சூரிக்கில் ஒரு வழக்கறிஞர், அரசியலில் ஒருவர்: ஒவ்வொருவரும் அடுத்தவரை மட்டும் அறிந்திருந்தால் போதும். எல்லோரையும் ஒரே அறையில் கூட்டும் தேவை யாருக்கும் இருக்கவில்லை. மாநாடு அளித்தது அறிமுகத்தையும் மதிப்பையும். பணம் சென்ற பாதை வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே இந்தத் துறையில் எதையாவது புதிதாகச் சொல்ல முடியும். 1977 டிசம்பரில், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்க நிறுவனங்களுக்குக் குற்றமாக்கிய சட்டம் பிறந்ததும், அச்சட்டம் கணக்குப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்தியதும் இந்த விசாரணையின் விளைவே.

சட்டத்துக்கு உட்பட்டே நடக்கும் நெருக்கத்தை எப்படி ஆராய்வது என்றும் நீங்கள் கேட்கக்கூடும். அதற்கு 'முப்பதின் குழு' என்ற அமைப்பைப் பாருங்கள். 1978-இல் தொடங்கப்பட்ட இதில் நடுவண் வங்கிகளின் தலைவர்களும் தனியார் வங்கியாளர்களும் பொருளியலாளர்களும் உறுப்பினர்கள். ஐரோப்பிய நடுவண் வங்கியின் தலைவர் மரியோ திராகி இதில் உறுப்பினராக இருக்கலாமா என்ற புகார் 2012-இல் எழுந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பு அலுவலகமான ஓம்புட்ஸ்மன் அதில் தவறு காணவில்லை. 2014 நவம்பரில் அந்த வங்கிக்குப் பெரிய தனியார் வங்கிகளை நேரடியாகக் கண்காணிக்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படும் வங்கிகளைச் சேர்ந்தவர்களும் ஒரே மூடிய குழுவில் அமர்வது முறையன்று என்று 2018 ஜனவரியில் ஓம்புட்ஸ்மன் எமிலி ஓ'ரைலி கூறி, உறுப்புரிமையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தார். வங்கி ஏற்கவில்லை, அதே ஆண்டு ஜூலையில் அவர் தம் கண்டனத்தைப் பதிவுசெய்து வழக்கை முடித்தார். பணம் கைமாறவில்லை, சட்டம் மீறப்படவில்லை, ஆனால் பொதுப் பொறுப்பின் நடுநிலை பற்றிய கேள்வி எழுத்தில் கேட்கப்பட்டு எழுத்தில் மறுக்கப்பட்டிருக்கிறது. சாத்தம் ஹவுஸ் விதியை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான்: தனி மனிதர் மறைவாகப் பேசுவதில் எனக்கு மறுப்பில்லை, பொதுப் பதவியில் இருப்பவர் தம்மால் கண்காணிக்கப்படுவோருடன் பேசியதற்குப் பதிவே இல்லாமல் போவதை நியாயப்படுத்த முடியாது.

உண்மையிலேயே ரகசியமான அமைப்பு எப்படி இருக்கும் என்று அறிய இத்தாலியின் பி-2 லாட்ஜ் என்ற ரகசிய ஃப்ரீமேசன் கிளையைப் பற்றிப் படியுங்கள். வங்கியாளர் மைக்கேல் சிந்தோனா மீதான விசாரணையில், 1981 மார்ச் 17 அன்று லாட்ஜின் தலைவர் லிச்சோ ஜெல்லியின் அலுவலகத்தைச் சோதனையிட்டபோது 962 பெயர்கள் கொண்ட பட்டியல் கிடைத்தது. அமைச்சர்கள், உளவுத்துறைத் தலைவர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், பான்கோ அம்ப்ரோசியானோ வங்கித் தலைவர் ராபர்டோ கால்வி ஆகியோர் அதில் இருந்தனர். சில மாதங்களில் பிரதமர் ஃபோர்லானியின் அரசு கவிழ்ந்தது. கலந்துகொள்வோரின் பெயரையும் பேசும் பொருளையும் தானே வெளியிடும் இன்றைய பில்டர்பெர்க்கையும் இதையும் ஒரே தட்டில் வைத்து எழுதினால், உங்கள் ஆய்வேட்டைத் தேர்வாளர் முதல் வாசிப்பிலேயே திருப்பி அனுப்புவார்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, நீங்கள் அஞ்சும் அளவுக்கு இடர் இல்லை. தொடக்கக் கால மாநாடுகளின் ஆவணங்கள் தி ஹேக்கில் உள்ள நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ரெட்டிங்கரின் தாள்கள் லண்டனின் போலந்து நூலகத்திலும், கெய்ட்ஸ்கெல்லின் தாள்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலும் இருக்கின்றன. ஜப்பானையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் டேவிட் ராக்ஃபெல்லர் 1973-இல் தொடங்கிய முத்தரப்பு ஆணையத்தின் ஆவணங்கள் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராக்ஃபெல்லர் ஆவண மையத்தில் கிடைக்கும். இவற்றுக்கு நேரில் செல்லப் பணமும் காலமும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் செனட் துணைக்குழுவின் விசாரணைப் பதிவுகள் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஓம்புட்ஸ்மனின் முடிவுகளை மதுரையில் இருந்தே படிக்கலாம். 2013-இல் வாட்ஃபர்டு கூட்டத்தில் பிரிட்டனின் பிரதமரும் நிதியமைச்சரும் கலந்துகொண்டது பற்றி தொழிற்கட்சி உறுப்பினர் மைக்கேல் மீச்சர் நாடாளுமன்றத்தில் எழுப்பிய அவசரக் கேள்வியும், அதற்கு அமைச்சர் கென்னத் கிளார்க் அளித்த பதிலும் அவைக் குறிப்பில் சொல்லுக்குச் சொல் உள்ளன. இந்த மூன்றை மட்டும் வைத்தே முன்வரைவு எழுதிவிடலாம்.

ஓர் எச்சரிக்கையைக் கண்டிப்புடன் சொல்ல வேண்டும். இந்த மாநாட்டைப் பற்றி இணையத்தில் உலவும் கதைகளில் கணிசமானவை, யூதர்கள் ரகசியமாக உலகை ஆளத் திட்டமிட்டதாக 1903-இல் ரஷ்யாவில் வெளியிடப்பட்ட ஒரு போலி ஆவணத்தின் மறுபிறப்புகள். அது திருடி ஒட்டப்பட்ட போலி என்று 1921-லேயே லண்டன் டைம்ஸ் நாளிதழ் நிறுவியது. அதன் பிறகும் நாஜிகள் அதைப் பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள், விளைவு என்னவென்று வரலாறு அறியும். வங்கிக் குடும்பங்களின் பெயர்களை அடுக்கி, அவர்களின் பிறப்பை ஒரு சான்றுபோலக் காட்டும் எந்த நூலையும் காணொளியையும் துணைச் சான்றாகக்கூட அடிக்குறிப்பில் சேர்க்காதீர்கள். அவற்றைச் சேர்க்க வேண்டுமானால், அந்தப் பொய் பரவும் விதத்தை ஆராயும் பொருளாக மட்டுமே சேர்க்க வேண்டும்.

உங்கள் பேராசிரியரிடம் வாதிட வேண்டாம். அவர் மறுப்பது நீங்கள் சொன்ன தலைப்பை. ஆவணம் உள்ள ஒரு வழக்கை அவர் முன் வைத்தால் மறுக்கக் காரணம் இராது என்றே நினைக்கிறேன். "பில்டர்பெர்க்" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, 1954 முதல் 1977 வரையிலான காலத்தை எல்லையாகக் கொண்டு, அட்லாண்டிக் நாடுகளில் அரசுப் பதவிக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் இடையிலான முறைசாரா உறவுகளும் பொறுப்புக்கூறலும் என்ற பொருளில் பத்துப் பக்கத்துக்கு ஒரு முன்வரைவு எழுதுங்கள். அதில் லாக்ஹீட் வழக்குக்குப் பாதி இடமாவது ஒதுக்குங்கள். எழுதுவதற்கு முன், 1976 பிப்ரவரி மாதத்துச் செனட் விசாரணைப் பதிவை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை படித்துவிடுங்கள். யார் யாருக்கு எந்தத் தேதியில், எந்த வழியாக, எவ்வளவு என்று ஓர் அட்டவணை போட்டுக்கொண்டே படியுங்கள். அந்த அட்டவணையையும் முன்வரைவோடு இணைத்து அவரிடம் கொடுங்கள்.